உலகம்மாளின் விடுமுறை

"எனக்கு விடுமுறை வேண்டாம் ஐயா," என்றாள் உலகம்மாள்.

வாதம் செய்யக் கற்றுத்தரும் வாதக்கூடத்தில் முதலாம் ஆண்டு அன்றோடு முடிந்திருந்தது. மழைக்காலம் முழுக்க விடுமுறை. தை பிறந்ததும் வாசலிலேயே சோதனை வைப்பார்கள். கற்றதை மறந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது.

"எல்லாரும் மூட்டை கட்டிட்டாங்க. நீங்களும் கிளம்புங்கம்மா," என்றார் ஆசிரியர் கூத்தபிரான். அவரைவிட அவள் பத்து வயது மூத்தவள்.

"வீட்ல யாரோட வாதம் பண்றது? மாடு இருக்கு. எது சொன்னாலும் தலையாட்டும். தைக்குள்ள எல்லாம் மறந்துரும். இந்தப் படிப்புக்காக ஊரையே பகைச்சுக்கிட்டு வந்தவ நான்."

"கூடம் மூடியாச்சு."

அங்கேயே குடியிருந்த அவர், உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

உலகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போவாளா அவள்? எதிர்ச் சத்திரத்தில் மூட்டையை இறக்கினாள். மறுநாள் காலை கதவை இடித்தாள்.

"பசிக்கு விடுமுறை உண்டா? அறிவும் பசிதானே? திறங்க!"

உள்ளிருந்து ஆசிரியரின் குரல் வந்தது. "சாப்பிட்ட கையோட மறுபடி கேட்டா, அது பசியில்லம்மா, பேராசை."

அன்று முழுக்க அந்தப் பதிலில் ஓட்டை தேடினாள். மறுநாள் புதிதாக ஒன்றோடு வந்தாள்.

"செக்கு நின்னா எண்ணெய் வருமா?"

"மாடு செத்தா வருமா?"

மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி வந்தாள். தோற்றாள். மறுநாளும் வந்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கல்நெஞ்சக்காரரே!" என்று கத்தினாள்.

"திட்டு வாதமாகாது. நாளைக்கு நல்லதா ஒண்ணு கொண்டுவாங்க."

மார்கழியில் ஒரு காலை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கதவின் முன் நின்றாள்.

"ஐயா, மூடின கூடத்துல பாடம் நடக்குமா?"

"நடக்காது."

"ஒருத்தர் வாதத்துல தப்பைக் காட்டுறது பாடமா, இல்லையா?"

"பாடந்தான்."

"தினமும் என் வாதத்துல தப்பைக் காட்டுனது யாரு?"

கதவை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"அப்ப கூடம் மூடவே இல்ல. மூடாத கூடத்துக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? திறங்க!"

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கியது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு விரியத் திறந்தது.

"ஜெயிச்சிட்டீங்கம்மா," என்றார் கூத்தபிரான். "உள்ள வாங்க. தை பிறக்குற வரைக்கும் நிம்மதியா ஓய்வெடுங்க. இனி நமக்குள்ள வாதம் இல்ல."

உலகம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். வெறிச்சோடிக் கிடந்த கூடத்தைப் பார்த்தாள். ஆசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

வைத்த காலை வெளியே எடுத்தாள். தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.

"தாழ்ப்பாளைப் போடுங்க ஐயா," என்றாள் வெளியிலிருந்து. "நாளைக்கு வர்றேன்."