நரி வக்கீலின் இருபது வரிகள்

முதலில் ஒரு விடுகதை.

வீட்டில் சொன்னால் இருபது வரியும் வருகின்றன. ஆட்டோவில் சொன்னாலும் வருகின்றன. மேடைக்கு நடந்து போய்ச் சொன்னால் இரண்டாவது வரியே வருவதில்லை. பயமும் இல்லை, மறதியும் இல்லை. வரிகள் எங்கே போயின?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

வள்ளியூரில் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் ஒன்று இருந்தது. நரம்பிலோ தசையிலோ முதுகுத் தண்டிலோ கோளாறு உள்ள பிள்ளைகள் அங்கே உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழகினார்கள். பழக்கியவர் நஸ்ரின். வயது முப்பத்தொன்று. அவருடைய சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் பொன்னுலிங்கம், ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். உதவிக்கு என்று வந்தவர், கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் விசில் மட்டும் அப்படியே தொங்கியது. பிள்ளைகளுக்கு அவர் விசில் சார்.

ஒரு திங்கட்கிழமை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அஜிஷா ஒத்திகையில கோட்டை விட்டுட்டா, மேடம்."

அஜிஷாவுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே அவள் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி மூடாமல் இருந்தது. அறுவை சிகிச்சை செய்து மூடினார்கள். ஆனால் அங்கிருந்த நரம்புகள் பழுதுபட்டிருந்தன. இரண்டு கால்களிலும் காலிப்பர் என்னும் தாங்குசட்டம் மாட்டி, இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடித்து நடப்பாள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவள்தான் நரி வக்கீல். கோழியைத் தின்ற பூனைக்காக வாதாட வேண்டும்.

"மைதானத்தைத் தாண்டி மேடை வரைக்கும் என்னமா நடந்தா தெரியுமா! அறுபது மீட்டர். ஒரு தடவைகூட நிக்கல. மேடையில ஏறி 'கனம் நீதிபதி அவர்களே'ன்னா. அவ்வளவுதான். பூனையா நடிக்கிற பய, 'எனக்கு வேற வக்கீல் வேணும்'னு கத்துறான். எல்லாரும் சிரிப்பு."

"அஜிஷா?"

"அவளும் சிரிச்சா. ஆட்டோவுல ஏறினதும் அழுதா. புதன்கிழமை ஒத்திகையிலயும் வரலைன்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துருவோம்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"ஆட்டோவில் வசனம் வந்துச்சா?"

"அழுது முடிச்சிட்டு இருபது வரியும் கடகடன்னு சொன்னா. அதுதான் எனக்குப் புரியல. நடை பத்தலைன்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலையும் சாயங்காலமும் கூடுதலா நடக்க விட்டா..."

"மேடை வரைக்கும் சக்கர நாற்காலியில் போனா என்ன?"

பொன்னுலிங்கம் பதறிவிட்டார். "எட்டு மாசம் பாடுபட்டு நடந்தது எதுக்கு மேடம்? நாலு பேர் பாக்கணும்ல. நாற்காலியில போனா தோத்த மாதிரி ஆயிடாதா?"

நஸ்ரின் எழுந்தார். அலமாரியைத் திறந்து, முழங்காலை மடக்க விடாத இரண்டு பட்டைகளை எடுத்தார். அவற்றை மாஸ்டரின் கால்களில் இறுகக் கட்டினார். பாதங்களுக்கு அடியில் இரண்டு விரற்கடை கனத்துக்கு ஸ்பாஞ்சு வைத்துச் சுற்றினார். கையில் ஊன்றுகோல்களைக் கொடுத்தார்.

"எதிர்த்த கடையில் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார். நானும் பின்னால வர்றேன்."

தெருவைக் கடக்க மாஸ்டருக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. டீக்கடை அருளப்பன் டீயை ஆற்றியபடியே பார்த்தார்.

"என்ன மாஸ்டரே, புது டிரில்லா? லெஃப்ட் ரைட் ரெண்டும் தகராறு போலிருக்கே!"

மாஸ்டர் டீயைக் குடித்தார். அருளப்பன் பேசிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார். மையத்துக்குத் திரும்பியபோது சட்டை நனைந்திருந்தது.

"அருளப்பன் என்ன சொன்னார் சார்?" என்றார் நஸ்ரின்.

"சர்க்கரை போடவான்னு கேட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லலையே."

"அவர் மகளுக்கு இன்னைக்கு விடியக்காலம் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கு. ரெண்டும் பொண்ணு. ரெண்டு தடவை சொன்னார். நீங்க 'சரி சரி'ன்னீங்க."

"எப்போ சொன்னார்?"

"நீங்க படி இறங்கும்போது."

"அப்போ நான் பாதத்தைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்! தரையில பட்டுச்சா இல்லையான்னே தெரியல. கண்ணால பாத்துத்தான்..."

பொன்னுலிங்கம் பேச்சை விட்டுவிட்டுத் தன் பாதங்களைப் பார்த்தார்.

"உங்களுக்கு நான் ஸ்பாஞ்சு கட்டினேன். அவளுக்குக் கட்டாமலே அப்படித்தான்" என்றார் நஸ்ரின். "மூளையிலிருந்து காலுக்குப் போற செய்தியும் சரியாப் போய்ச் சேரல, காலிலிருந்து வர்ற செய்தியும் சரியா வரல. ஒவ்வொரு எட்டையும் பார்த்துப் பார்த்து வைக்கணும். நின்னாலும் விழாம நிக்கக் கவனம் வேணும்."

"அப்போ அந்த இருபது வரி?"

"காலுக்குக் காவல் இருக்கப் போயிருக்கும்."

மாஸ்டர் குனிந்து பாதங்களில் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைப் பிரித்தார். பிறகு பட்டைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தெருவின் குறுக்கே ஒரே ஓட்டமாக ஓடினார். டீக்கடையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் இரண்டு ஜாங்கிரியோடு திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க மேடம். அவ நடந்து போகணுமா, நாற்காலியில போகணுமா?"

"என்னைக் கேட்டா எப்படி சார்? எனக்கா வசனம்?"

அன்று மாலை அஜிஷா வந்ததும் மாஸ்டர் அவள் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தார். நடைப் பயிற்சி இங்கே எப்போதும்போல் உண்டு என்றார். மேடைக்குப் போக எது வேண்டும் என்று கேட்டார்.

"நாற்காலி" என்றாள் அஜிஷா.

"திரும்பி வர?"

"அது அப்போ சொல்றேன் சார்."

புதன்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு சரிவுப் பலகை வழியாக மேடை ஏறினாள். இருபது வரிகளும் வந்தன. கோழியின் வக்கீலைப் பார்த்து, "உங்க கட்சிக்காரரோட இறகைக் காட்டுங்க பாப்போம்!" என்று எழுதாத வரி ஒன்றும் வந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பூனை விடுதலையானது. வெள்ளிக்கிழமை விழாவிலும் அவளே நரி என்று முடிவாயிற்று.

மேடைக்குக் கீழே விசில் சார் நின்றிருந்தார். அவள் சரிவில் இறங்கி வந்ததும் நாற்காலியை ஒரு கையால் பிடித்து நிறுத்தினார்; மறு கையில் ஊன்றுகோல்களைப் பிடித்திருந்தார். ஊன்றுகோல்களைக் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தார்.

"வக்கீலம்மா, இப்போ வசனம் ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"இல்லை சார். ஆனா பூனை எனக்கு இன்னும் நன்றி சொல்லல. கேட் வரைக்கும் அவனைத் திட்டிக்கிட்டே போகணும்."

அஜிஷா ஊன்றுகோல்களை வாங்காமல், நாற்காலியையே கேட்டை நோக்கி உருட்டினாள்.