மாப்பிள்ளைக்கு விறகு இல்லை

குருவானவர் சீடனைவிட வயதில் மூத்தவர், தாடி வைத்தவர், குகையிலோ ஆலமரத்தடியிலோ கிடைப்பவர் என்று ஒரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது.

இது பிழை. இந்தப் பிழையால் எத்தனையோ பேர் வேண்டாத குகைகளில் ஏறி இறங்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இனியும் மௌனம் காப்பது முறையல்ல.

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் நிரோஜினி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர். வார நாட்களில் பல் மருத்துவர். வார இறுதியில், ஒரு கத்தியும் ஒரு போர்வையும் கொண்டு காட்டில் எப்படிக் காலந்தள்ளுவது என்று ஆர்வலர்களுக்குச் சொல்லித்தருவார்.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. பெயர் நாச்சிமுத்து. சொந்த ஊர் பெருந்துறை. அதே நகரத்தில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர்.

முதல் சந்திப்பில் குரு அவருக்கு ஞானம் எதையும் கொடுக்கவில்லை. ஞானப்பல் ஒன்றை எடுத்தார்.

மற்றது பின்னால் வந்தது.

*

"மாப்பிள்ளை சனிக்கிழமையே போயிட்டாருங்க," என்றார் நாச்சிமுத்து.

"போன வருசமோ?"

"போன வருசமும். அதுக்கு முந்தின வருசமும்."

இருவரும் ஏரிக்கரையில் நின்றிருந்தார்கள். அந்த ஊரில் ஏரியை லாக் என்பார்கள். இந்த லாக்கின் பெயரைச் சொன்னால் கூட்டம் வந்துவிடும், ஆகவே சொல்லப்போவதில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் நாச்சிமுத்து இங்கே ஒரு சிறிய முகாம் போடுவார். வெள்ளி மாலை கூடி, ஞாயிறு மாலை கலைவதாக ஏற்பாடு. விறகு மூட்டி, கரண்டி செதுக்கி, கூடாரத்தில் தூங்கலாம். அழைக்கப்படுபவர்கள் மாப்பிள்ளை யூவனும் அவருடைய நண்பர்கள் இருவரும்.

யூவன் ஸ்காட்லாந்துக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார். அவர் காட்டைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசுவதை நாச்சிமுத்து ஒருமுறை கவனித்துவிட்டார். அன்றிலிருந்துதான் காட்டைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

"தாரணி என்ன சொல்றா?" என்று கேட்டார் குரு. தாரணி, நாச்சிமுத்துவின் ஒரே மகள்.

"'இந்தத் தடவையும் அப்படியே ஆச்சுன்னா, இனிமே அவரைக் கூப்புடாதீங்கப்பா. அவருக்குச் சொல்லத் தெரியலை, உங்களுக்குக் கேக்கத் தெரியலை'ங்கறா."

"கேட்டியளோ?"

"எங்க குறை வெச்சேன்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன் அம்மணி. தெரியலீங்க."

"இந்த முறை என்ன திட்டம்? சொல்லுங்கோ."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. பாலங்களைப் பற்றிப் பேசும்போதும் அது இப்படித்தான் மலரும்.

"மத்தியானமே வந்து எல்லாத்துக்கும் கூடாரம் அடிச்சுப்போடுவேனுங்க. விறகு வீட்டுலயே பொளந்து, காய வெச்சு, விரல் மொத்தம், மணிக்கட்டு மொத்தம்னு தனித்தனியாக் கட்டியிருக்கறேன். அவங்க கார் சத்தம் கேக்கறப்ப தீ எரிஞ்சிட்டிருக்கோணும். டீ கையில குடுத்தரோணும். ராத்திரிக்குக் கட்டுச்சோறு. தள்ளுவண்டி ஒண்ணு வாங்கிட்டேன், மூட்டை தூக்க வேண்டாம் பாருங்க."

"கரண்டி செதுக்கிறது?"

"அதுக்குக் கட்டையை நானே முக்காவாசி செதுக்கி வெச்சிட்டேனுங்க. அவங்க கை நோகக் கூடாது."

"மாப்பிள்ளை என்ன செய்வார்?"

"உக்காந்திருப்பாருங்க."

"பிறகு?"

"சாப்புடுவாருங்க."

"பிறகு?"

"மறுபடி உக்காருவாருங்க. சாயற மாதிரி ஒரு நாற்காலி வாங்கியிருக்கறேன். அவருக்குன்னே."

"பிறகு?"

நாச்சிமுத்து ஏரியைப் பார்த்தார். ஏரி உதவவில்லை.

"போயிருவாருங்க."

குரு கரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"நல்ல திட்டம், அண்ணை. ஒரே ஒரு திருத்தம். ஒரு சாமானை மறந்திட்டு வாங்கோ."

"எதையுங்க?"

"அதை நான் சொன்னால் நீங்கள் எப்பிடி மறக்கிறது?"

*

சீடர் அந்த வாரம் முழுவதும் மறப்பதற்குத் திட்டமிட்டார்.

கூடாரத்தை மறந்தால் மாப்பிள்ளை நனைவார். உப்பை மறந்தால் பேச்சு வரும். போர்வையை மறப்பது பாவம். கொசுவலைத் தொப்பியை மறக்கலாமா என்று ஓர் இரவு புரண்டு படுத்தார். மிட்ஜ் என்று அந்த ஊரில் ஒரு பூச்சி உண்டு. கடுகின் கால் பங்கு இருக்கும். கூட்டமாக வந்தால் ஒரு மனிதனை அவனுடைய கொள்கைகளைக் கைவிடச் செய்யும். தொப்பியையும் மறக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் குரு வந்தபோது கரையில் எல்லாம் தயாராக இருந்தது. கூடாரங்கள் விறைப்பாக நின்றன. விறகுக் கட்டுகள் கல்யாண மண்டபத்து வாழைத்தார்போலச் சாத்தப்பட்டிருந்தன.

"மறந்துட்டேனுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து, பெருமையாக.

"எதை?"

"டீ வடிகட்டி."

"அப்ப தேத்தண்ணியை எப்பிடி வடிக்கப் போறியள்?"

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். புதியது. நான்காக மடித்திருந்தது.

குரு அதை வாங்கிப் பார்த்தார்.

"இஸ்திரி போட்டிருக்கு."

"ஆமாங்க."

குரு துணியைத் திருப்பிக் கொடுத்தார். கரையோரமாக நடந்தார். கரை சற்றுத் தூரத்தில் ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்து மறைகிறது. தன் காரை அவர் அந்தப் பாறைக்கு அப்பால்தான் நிறுத்தியிருந்தார்.

தூறல் ஆரம்பித்தது.

திரும்பி வந்தபோது குருவின் முகத்தில் கவலை இருந்தது.

"பாறைக்கு அங்காலை ரெண்டு பேர் நிக்கினம், அண்ணை. சின்னப் படகில வந்தவை. படகு கவிண்டு எல்லாம் ஈரமாப் போச்சுதாம்."

நாச்சிமுத்து அதற்குள் எழுந்துவிட்டார். "அடக் கடவுளே. இருங்க, நான் போயி..."

"நீங்கள் வரவேண்டாம். புருசனும் பெண்சாதியும். உடுப்பெல்லாம் கழட்டிக் காயப்போட்டிட்டு, ஒரு போர்வைக்குள்ள நிக்கினம்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு நிற்காமல், பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பியும் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் விறகு கேட்கினம். குடுப்பமா?"

"இதென்ன கேள்வி அம்மணி? எடுத்துட்டுப் போங்க."

"எவ்வளவு?"

"கேட்டவங்களுக்கு யாராச்சும் அளந்து குடுப்பாங்களா?"

குரு விறகு முழுவதையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். போனார். வந்தார்.

"கூடாரமும் நனைஞ்சு போச்சுது."

"நம்ம கூடாரமெல்லாம் பிரிச்சுக் குடுங்க. மாப்பிள்ளை கார்ல அவரோடது பெருசா ஒண்ணு கெடக்குது. மூணு வருசமா நான் பிரிக்க விட்டதில்லை."

"பசியாம்."

"கட்டுச்சோறு இருக்குதுங்க. காரமா இருக்கும்னு சொல்லிக் குடுங்க. கேஸ் அடுப்பையும் கொண்டு போங்க, பாவம், சுடவெச்சுச் சாப்புடட்டும்."

வண்டி மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. போர்வைகளும் கொசுவலைத் தொப்பிகளும் போயின. முக்கால்வாசி செதுக்கிய கரண்டிகளை அவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்று நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. கொடுத்தார்.

கடைசியாகக் குரு அந்தச் சாய்வு நாற்காலியின் அருகே நின்றார்.

"அந்த அம்மாவுக்கு இடுப்பு நோகுதாம்."

நாச்சிமுத்து நாற்காலியின் முதுகை எட்டித் தடவினார். அந்த நாற்காலிக்காக ஐந்து கடை ஏறி இறங்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் உயரத்துக்குத் தலை எங்கே சாயும் என்று கணக்குப் பார்த்திருந்தார்.

தூறல் நாற்காலியின் மேல் விழுந்தது.

"வந்து நிக்கறவங்கதானுங்க மொதல்ல," என்றார்.

குரு அதை மட்டும் வண்டியில் ஏற்றாமல் கையில் தூக்கிக்கொண்டு போனார்.

*

கரையில் மிஞ்சியவை: ஒரு போசிப் பாத்திரம், தேயிலை, சர்க்கரை, பால், சில தகர டம்ளர்கள், ஒரு கத்தி, இஸ்திரி போட்ட ஒரு துணி.

கார் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது. அவர் வீட்டில் ஒரு விருந்தாளி இதுவரை தண்ணீர் டம்ளரைத் தானே எடுத்துக் குடித்ததில்லை.

"அம்மணி, நான் என்னத்தைங்க சொல்றது?"

குரு ஒரு கல்மேல் உட்கார்ந்து கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உள்ளதைச் சொல்லுங்கோ."

யூவன் இறங்கி வந்தார். பின்னால் இரண்டு நண்பர்கள். மூவரும் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து, உட்காரச் சொல்வதற்காகக் காத்து நின்றார்கள். உட்கார நாற்காலி எதுவும் இல்லை.

மாமனாரும் மருமகனும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். நாச்சிமுத்துவின் ஆங்கிலத்திலும் ஒரு 'ங்க' ஒட்டியிருக்கும். யூவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று. மாமனார் வீட்டில் அது ஒன்றே தேவைப்பட்டது: போதும்.

"மாப்பிள்ளை," என்றார் நாச்சிமுத்து. தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமே இல்லீங்க."

யூவன் அவரையே பார்த்தார்.

"டீ வெக்கோணும். விறகு இல்லை. விறகு வேணுமுங்க."

யூவன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அந்தச் சொல் வேறு யாருக்காவது சொல்லப்பட்டதோ என்று சோதிப்பதுபோல் இருந்தது. பிறகு பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு?" என்றார்.

*

கொண்டுவந்த விறகு ஈரம். அதில் பாதி உளுத்தது.

யூவன் கூழாங்கற்களுக்கு நடுவே மண்டியிட்டு பிர்ச் மரப்பட்டையை உரித்து வைத்தார். பற்றவைத்தார். அணைந்தது. மறுபடியும் பற்றவைத்தார். அணைந்தது.

நண்பர்களில் ஒருவர், இந்த வேகத்தில் போனால் தேநீர் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிவிடும் என்றார். இன்னொருவர், எந்தக் கிறிஸ்துமஸ் என்று கேட்டார். யூவன் பதிலுக்குச் சொன்னதை மாமனார் கேட்காததுபோல் இருந்தார்.

பட்டையை அவர் தலைகீழாக வைத்திருந்தார். எண்ணெய்ப் பசையுள்ள பக்கம் தரையைப் பார்த்துக் கிடந்தது. நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்தது. அவருடைய வலது கை தானாக எழுந்தது.

எழுந்த கையில் குரு தன் கரண்டியை வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, அண்ணை."

"எவ்வளவு நேரமுங்க?"

"தேத்தண்ணி வரும்வரை."

நாச்சிமுத்து இரண்டு கைகளாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். பல் பிடுங்கிய நாளில் நாற்காலியின் கையை இப்படித்தான் பிடித்திருந்தார்.

யூவன் அடுத்த பட்டையை உரித்தார். அது தற்செயலாகச் சரியான பக்கம் விழுந்தது. புகை வந்தது. நிறையப் புகை. எல்லோருக்கும் கண் எரிந்தது. அதுவரை அவர்களைத் தின்றுகொண்டிருந்த மிட்ஜ்கள் ஒன்றையும் காணோம்.

பிறகு தீ வந்தது.

யூவன் தீயைப் பார்த்தபடி சற்று நேரம் மண்டியிட்டவாறே இருந்தார். நெற்றியில் கரி. மூக்கில் கரி. நாச்சிமுத்து தீயைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் பொங்கி வழிந்தது. போசி அடிபிடித்தது. யூவன் அந்தத் துணியில் தேநீரை வடித்தார். முதல் டம்ளரை எழுந்து வந்து மாமனாரிடம் நீட்டினார்.

நாச்சிமுத்து கரண்டியைக் கீழே வைத்து, டம்ளரை வாங்கிக் குடித்தார்.

"எப்படி இருக்கிறது?"

நாச்சிமுத்து குருவைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னார்.

"சக்கரை போட மறந்துட்டீங்க மாப்பிள்ளை."

யூவன் சிரித்தார். அவருக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது நாச்சிமுத்துவுக்கு அன்றுவரை தெரியாது.

*

சனிக்கிழமை மாலை, வழக்கமாகப் புறப்படும் நேரத்தில், யூவன் நண்பர்களோடு மீன் பிடிப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இடையில் திரும்பி, "வேணும்" என்றார். கயிறு வேண்டும் என்பது கைச்சாடையில் தெரிந்தது. அது அவருடைய இரண்டாவது தமிழ்ச் சொல்.

ஞாயிறு மாலை முகாம் கலைந்தது.

நாச்சிமுத்து, நனைந்துபோன அந்தத் தம்பதியரிடம் விடைபெற்று வரலாம் என்று போனார். பாறைக்கு முன்னால் நின்று, "எக்ஸ்க்யூஸ் மீங்க" என்று இரண்டு முறை குரல் கொடுத்தார். பிறகு சுற்றிப் போனார்.

யாரும் இல்லை.

சாம்பல் இல்லை. புல் மடங்கவில்லை. முளைக்குச்சி அடித்த துளை ஒன்றுகூட இல்லை.

குருவின் கார் மட்டும் நின்றது. பின்பக்கம் தரையோடு தாழ்ந்து நின்றது. பின்கண்ணாடிக்கு உள்ளே ஒரு சாய்வு நாற்காலியின் கால் தெரிந்தது.

நாச்சிமுத்து அந்தக் காலை வெகுநேரம் பார்த்தார்.

குரு பின்னால் வந்து நின்றார்.

"என்ன மாதிரி ஆளுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து, திரும்பாமலே. "ஒரு தடயம் இல்லீங்க. முகாம் போட்டா இப்புடியல்ல போடோணும்."

"ஓம் அண்ணை. நல்ல சனம்."

"உடுப்பு காஞ்சிருக்குமுங்களா?"

"காஞ்சிருக்கும்."

நாச்சிமுத்துவின் வீட்டுக்கு வந்து குருவின் காரிலிருந்து சாமான்களை இறக்கியபோது எல்லாம் இருந்தன. போசி மட்டும் இல்லை. அடிபிடித்த கரியைத் தேய்த்து அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாக யூவன் எடுத்துப்போயிருந்தார்.