கை கழுவியவன்

முந்தின நாள் படகுக்காரர் லூர்தைக் குத்திக் கொன்ற கத்தியை இன்ஸ்பெக்டர் வரதராஜன் மோந்து பார்த்தார். பிறகு, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மிக்கேலாவின் கையை மோந்தார்.

“ரெண்டுலயும் மீன் வாடை. கொலைகாரி நீதான்!”

ஏட்டு குமரேசன் விலங்கை எடுத்தார்.

“அப்ப ஊரையே மோந்துருங்க சார்,” என்றாள் மிக்கேலா. “நாலு நாளா தண்ணி லாரி வரல. இதுல கை கழுவுனவன் எவன்னு பாருங்க.”

ஏட்டு நூற்றெழுபது கைகளை மோந்து, கண் கலங்கி, லூர்தின் கூட்டாளி சேவியரிடம் வந்து நின்றார். சந்தன சோப்பு கமகமத்தது.

“குடிக்கவே தண்ணி இல்ல. எதுக்குய்யா கழுவுன?”

“ரத்தம் போகலியே சார்,” என்று உளறிவிட்டான் சேவியர்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்று இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

மிக்கேலா அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

“இதுலயும் சோப்பு வாடைதான் சார். நேத்து எங்க இருந்தீங்க?”