அம்மிக் குழவி ஏற்றிய பவர் சப்ளை

தொட்டிக்காட்டூர் ஆட்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. அதை வெளியே எடுப்பதற்கு முன் நாலு பேர் கை தூக்கித் தீர்மானம் போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாலு பேர்தான் ஊரின் பாட்டுக் கேட்கும் சங்கம். தலைவர் சென்னியப்பன், நாற்பது வருஷம் நூல் மில்லில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். செயலாளர் நாச்சிமுத்து, தீர்மான நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டே தூங்குகிறவர். மூன்றாவது ராக்கியப்பன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலாவது சிவமலை. அவர் கேள்வி கேட்பார். பதில் கிடைத்துவிட்டால் கொஞ்சம் வருத்தப்படுவார்.

சங்கம் ஒரு கம்ப்யூட்டர் செய்திருந்தது. பாட்டுப் போடுவதற்கென்றே செய்த கம்ப்யூட்டர். உதிரி பாகங்களை வாங்கி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அவர்களே பூட்டியது. ஸ்பீக்கர் இரண்டும் அந்த டின்னிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். அது வேலை செய்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரே குறை, பாட்டுக்கு அடியில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டை நிறுத்தினால் இரைச்சல் மட்டும் தனிக் கச்சேரி நடத்தியது.

சங்கத்துக்கு அறையைச் சும்மா கொடுத்திருந்தவர் அர்த்தனாரி. ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வண்டு வளக்கறதுக்கா நான் ரூம் குடுத்தேன்?" என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வருவேன். மெஷின் ஓடோணும், பாட்டு ஓடக்கூடாது. ஸ்பீக்கர்ல காதை வெச்சுப் பாப்பேன். துளி சத்தம் வந்தாலும் ரூம் கேரம் ஆடறவங்களுக்கு."

கேரம் ஆட்கள் ஆறு மாதமாகவே அந்த அறையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மில்லை விட்டு வந்து நாலு வருஷம் ஆகியும் மில் அவர் காதை விட்டுப் போகவில்லை. சாவதற்குள் ஒரு நாளாவது இரைச்சல் இல்லாமல் உட்கார்ந்து காதால் எதையாவது கேட்க வேண்டும் என்றுதான் சங்கமே ஆரம்பித்தார். வீட்டில் கேட்கலாமென்றால், அந்த டின்னோடு படியேறக் கூடாது என்று நாலு வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. அறை போனால் மனுஷனுக்கு வேறு போக்கிடமே இல்லை.

நாலு பேரும் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்க்கும் தெய்வானையிடம் போனார்கள். அவள் டின்னைப் பார்த்தாள், இரைச்சலைக் கேட்டாள், சிரிக்கவில்லை. நல்ல மனசு.

"இரைச்சல் கம்ப்யூட்டர்ல இல்லீங்கண்ணா. அதுக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளையில இருந்து வருது. நீங்க வெச்சிருக்கறது மலிவு சார்ஜர். உள்ள டிரான்ஸ்பார்மர் வெச்சது வாங்குங்க. கையில தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா நல்லது. போர்டுக்கு ஒண்ணு, பாட்டு இருக்கற டிஸ்குக்கு ஒண்ணு, தனித்தனியாக் குடுங்க. ரெண்டையும் கம்ப்யூட்டர்கிட்ட வெக்காதீங்க, தள்ளி வையுங்க. அதே லைன்ல பேனு, லைட்டு ஓடாமப் பாத்துக்கங்க."

எத்தனை வோல்ட் என்பதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள். மற்றதையெல்லாம் நாச்சிமுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு கிடையாது. பின்னால் நடந்ததற்கு அவளைக் குறை சொல்லாதீர்கள்.

மறுநாள் ஈரோட்டில் ஒரு கடைக்குத் தராசோடு போனார்கள். கடைக்காரர் சீட்டைப் பார்த்து மூன்று வகைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது எத்தனை கிலோங்க?" என்றார் சென்னியப்பன்.

"எத்தனை ஆம்பியர்னு கேளுங்க, சொல்றேன்."

"அதெல்லாம் உங்க விஷயமுங்க. கிலோ சொல்லுங்க."

கடைக்காரருக்குத் தெரியவில்லை. தராசு பேசியது. இரண்டே முக்கால் கிலோப் பெட்டி ஜெயித்தது. அதற்குள் சிவமலை கடையின் மூலையில் இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"தலைவரே, இதுதானுங் உசத்தி," என்று மூச்சு வாங்கக் கூப்பிட்டார்.

"அது என் கல்லாப்பெட்டி," என்றார் கடைக்காரர்.

"எத்தனை வோல்ட்டுங்க?"

கடைக்காரர் பதில் சொல்லாததால் இரண்டே முக்கால் கிலோவிலேயே இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். சொல்லப்போனால் அவை முதல்தரமான பெட்டிகள். டின்னில் மாட்டியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தி, ஒரு காபி குடித்திருப்பார்கள்.

"இரண்டே முக்கால் கிலோவுக்கே பாதி போயிருச்சு," என்றார் நாச்சிமுத்து. "இன்னும் கனம் சேத்தினா?"

கைகள் உயர்ந்தன. சென்னியப்பன் வீட்டு அம்மிக் குழவி ஒரு பெட்டியின் மேலும், நாச்சிமுத்து வீட்டுக் குழவி இன்னொன்றின் மேலும் ஏறின. நாலு பேரும் ஸ்பீக்கரில் மாறி மாறிக் காது வைத்து, இரைச்சல் குறைந்திருக்கிறது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அன்று இரண்டு வீட்டிலும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரைதான்.

அடுத்து, பெட்டிகளை மூன்றடி தள்ளி வைத்தார்கள். இரைச்சல் இன்னும் இறங்கியது. பேனையும் லைட்டையும் நிறுத்தினார்கள். இறங்கி இறங்கி, சனிக்கிழமை மத்தியானம் ஒரு கொசு அளவுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் அசையமாட்டேன் என்றது. விடிந்தால் அர்த்தனாரி வந்துவிடுவார். சென்னியப்பன் வேர்த்து விறுவிறுத்துப்போய் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"மூணடிக்கே இத்தனை குறைஞ்சுதே, முந்நூறு அடி தள்ளினா கொசுவும் செத்துப்போகும்," என்றார் நாச்சிமுத்து.

"வயரு ஆறடிதானுங்களே?" என்றார் சிவமலை.

நல்ல கேள்வி என்று அவருக்கே தெரிந்தது.

"வயரைப் பத்தி அந்த அம்மிணி என்ன சொல்லுச்சு, பாருங்க," என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "பெட்டியத் தள்ளி வெக்கச் சொல்லிருக்குதுங். வயரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்."

"சொல்லாததை எல்லாம் நாமளா இழுத்துப்போட்டுச் செஞ்சு, காரியத்தைக் கெடுத்துக்கோணுமா?"

நாலு கைகளும் உயர்ந்தன. பெட்டியிலிருந்து டின்னுக்குப் போகும் வயரைக் கழற்றினார்கள். பெட்டிகளையும் குழவிகளையும் சுமந்துகொண்டு போய், அடுத்த தெருவில் இருக்கும் ராக்கியப்பன் வீட்டு முன்னறையில் வைத்து, அங்கேயே சுவரில் பிளக்கை மாட்டினார்கள். இரண்டு பெட்டியிலும் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. அந்த லைட் எரிகிறவரைக்கும் மெஷின் ஓடுகிறது என்று பொருள் என ஒரு தீர்மானம் போட்டு, காவலுக்கு ராக்கியப்பனை உட்கார வைத்தார்கள்.

மற்ற மூவரும் அறைக்குத் திரும்பினார்கள். சென்னியப்பன் மெதுவாகக் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். கொசு இல்லை, வண்டு இல்லை, மில் இல்லை. அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சிரிக்கத்தான் வேண்டும், ஆனாலும் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அர்த்தனாரி வந்தார். பின்னாலேயே கேரம் ஆட்கள், பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு.

"மெஷின் ஓடுதா?" என்று கேட்டார்.

சிவமலை அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லா ஓடுதுங்."

அர்த்தனாரி வலது காதை வைத்தார். இடது காதை வைத்தார். துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வலது காதை வைத்தார்.

"பாட்டுப் போடச் சொல்லுங்க மாமா," என்றான் கேரம் ஆட்களில் ஒருவன். கெட்டிக்காரன்.

நாச்சிமுத்து அசரவில்லை, நோட்டைத் திறந்து படித்தார். "பாட்டு ஓடக்கூடாதுன்னு நீங்கதானுங் சொன்னீங்க. பாட்டைப் போட்டா இரைச்சல் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். அப்புறம் மெஷின் சுத்தமா இருக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அர்த்தனாரி யோசித்தார். "நியாயம்," என்றார். "சொன்ன சொல்லை மாத்தறவன் இல்லை நான். ரூம் உங்களுக்குத்தான்."

கேரம் ஆட்கள் பலகையோடு திரும்பிப் போனார்கள். அர்த்தனாரி போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அரை மணி நேரம் கேட்டார். எழுந்திருக்கும்போது, தன்னையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

சாயங்காலம் சிவமலை மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "இப்பவாவது ஒரு பாட்டுப் போட்டுப் பாக்கலாமுங்களா?"

சென்னியப்பனுக்கு அப்படி ஒரு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. "இத்தனை பாடுபட்டுச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கறோம். இதுல கொண்டுபோய்ப் பாட்டைப் போடறதா?"

பாட்டுப் போடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று முதல் தினமும் ஆறு மணிக்குச் சங்கம் கூடி, ஏழரை வரை கேட்கும். சில நாள் அர்த்தனாரி லேசாகத் தலையை ஆட்டுவார். சென்னியப்பன் தொடையில் தாளம் போடுவார். நேற்றைவிட இன்றைக்கு நன்றாக இருந்தது என்றுகூடப் பேசிக்கொள்வார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஏழு மணி இருக்கும். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ராக்கியப்பன் அடுத்த தெருவிலிருந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. கரண்ட் போயிருச்சு. சிவப்பு லைட்டு ரெண்டும் அணைஞ்சுபோச்சுங்."

நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து எழுந்துபோய், ஸ்பீக்கர் மேல் துண்டைப் போட்டு மூடினார்.

"ச்சே," என்றார் அர்த்தனாரி. "நல்ல எடத்துல நின்னுபோச்சு."

வேறு வழியில்லை. ஆளுக்கொரு பீடி பற்ற வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, கரண்ட் வந்துவிட்டது என்று அடுத்த தெருவிலிருந்து ராக்கியப்பனின் குரல் கேட்டது. எல்லாரும் அவசர அவசரமாக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து துண்டை எடுத்தார்.

"விட்ட எடத்துல இருந்து கேக்கலாமுங்களா?" என்றார்.

"வேண்டாம்," என்றார் சென்னியப்பன். "தொடர்ச்சி வுட்டுப்போச்சு. மொதல்ல இருந்தே போடுங்க."