யார் வைத்த விளக்கு

செங்கணூர் அரண்மனையில் நேரம் சொல்வது என் வேலை. அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டு, அது மூழ்கியதும் சேகண்டியை அடிக்க வேண்டும். இதற்குப் பெரிய மூளை தேவையில்லை. அதனால்தான் அப்பாண்டையாகிய எனக்குக் கிடைத்தது. அதிலும் பாதி நாள் கிண்ணம் மூழ்குவதற்குள் நான் தூங்கிவிடுவேன்.

இப்படி இருக்கையில், கப்பல் வியாபாரி ஒருவன் மகாராஜாவுக்குக் கடிகாரம் ஒன்றைக் காணிக்கை கொடுத்தான். அது தானாகவே மணி அடித்தது. தூங்கவும் இல்லை. மந்திரி கோதண்டம் பிள்ளைக்கு ஏற்கெனவே என்னைக் கண்டால் ஆகாது.

"இதற்குச் சாவி கொடுக்க நானே போதும், மகாராஜா. அப்பாண்டைக்கு எதற்குத் தண்டச் சோறு?" என்றார்.

மகாராஜா என் பக்கம் திரும்பினார். "உன்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? வாய்ப்பந்தல் போடாதே. பழைய கல்வெட்டு எதிலாவது ஆதாரம் இருந்தால் நாளைக்குக் காட்டு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு."

எனக்கோ வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழிலே சரியாகத் தெரியாது.

மறுநாள் இருவரையும் கோயில் பிராகாரத்துக்கு அழைத்துப் போனேன். எனக்கு நன்றாகப் பழகிய இடம். வரிசையாகக் கல்விளக்குகள் இருந்தன. அவற்றின் அடியில் வெட்டியிருந்த எழுத்தை வாசிக்கும்படி மகாராஜாவைக் கேட்டுக்கொண்டேன்.

முதல் விளக்கை அவர் உரக்க வாசித்தார். "மன்னர் கொலுவுக்குப் பிந்தி வந்தார். நிழல் அளந்து நேரம் சொல்பவன் பிழை. அவன் அபராதமாக வைத்த விளக்கு."

அவருடைய பாட்டனார் காலத்தில் கிண்ணம் வந்துவிட்டது. அந்தக் காலத்து விளக்கு ஒன்றையும் வாசித்தார். "மன்னர் கொலுவுக்குப் பிந்தி வந்தார். கிண்ணக்காரன் பிழை." கடைசி ஏழெட்டு விளக்குகள் என் பெயரில் இருந்தன.

மந்திரிக்கு ஒரே கொண்டாட்டம். "பரம்பரை உதவாக்கரைகள், மகாராஜா. கல்லிலேயே எழுதியிருக்கிறது."

"உண்மைதான்" என்றேன். "நிழல் போய்க் கிண்ணம் வந்தது. மன்னர்கள் பிந்துவது மட்டும் போகவில்லை. ஆனால் எந்த விளக்கிலும் பிழை மன்னருடையது என்று இல்லை. இந்தக் கடிகாரமோ தவறவே தவறாதாம். நாளைக்கு மகாராஜா கொஞ்சம் கண்ணயர்ந்து பிந்தினால், அடுத்த விளக்கில் யார் பெயரை வெட்டுவது? மகாராஜா பெயரையா, சாவி கொடுக்கிறவர் பெயரையா?"

மகாராஜா மெல்ல மந்திரியைப் பார்த்தார். மந்திரிக்கு வியர்த்துவிட்டது.

"அப்பாண்டையே இருக்கட்டும், மகாராஜா. பழகிய ஆள்" என்றார்.

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி. நேரத்தைக் கடிகாரம் சொல்லட்டும். பிழையை நீ பார்த்துக்கொள்" என்று வேலையை எனக்கே கொடுத்தார். வெகுமதியும் உண்டு என்றார். பொற்கிழி என்று நினைத்து, இளித்துக்கொண்டு கையை நீட்டினேன். விளக்குக்கு ஊற்றும் இலுப்பெண்ணெய் ஒரு குடம் வந்தது.

"பத்திரமாக வைத்துக்கொள், அப்பாண்டை" என்றார் மகாராஜா. "நாளைக்கு நான் வேட்டைக்குப் போகிறேன். கொலுவுக்கு எப்படியும் பிந்தும்."