மாவுத் தொட்டியில் கொம்மட்டிக் கொடி

சத்தியம், சத்தியம், சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் தாடி இந்த நிமிடமே உதிர்ந்து மடியில் விழட்டும். பார், விழவில்லை.

எகிப்தில் செங்கல் அறுத்த அடிமை ஜனம் தப்பித்துப் பாலைவனத்தில் நடந்துகொண்டிருந்த காலம். முன்னால் ஒரு மேகம் போகும். அது நின்றால் கூடாரம் அடிப்பார்கள். எழும்பினால் எக்காளம் ஊதிக் கூடாரத்தைச் சுருட்டுவார்கள். ஒரு நாள் நிற்குமா, ஒரு வருஷம் நிற்குமா, யாருக்கும் தெரியாது.

அந்தக் கூட்டத்தில் இருந்த சிமேயிக்கு அதுதான் ஆத்திரம். எகிப்திலிருந்து ஒன்பது கொம்மட்டி விதைகளை, தர்பூசணி என்கிறோமே அதன் விதைகளை, இடுப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தான். அந்தப் பழத்தின் ருசி அவன் நாக்கைவிட்டுப் போகவில்லை. மேகம் நின்ற இடத்திலெல்லாம் ஒன்று நட்டான். விதை முளைக்கும், மேகம் எழும்பும். எட்டு போயிற்று. ஒன்பதாவது மட்டும் படர்ந்து, கட்டைவிரல் அளவில் ஒரு பிஞ்சும் விட்டது.

அன்று காலை எக்காளம் கேட்டது.

சிமேயி குருவிடம் ஓடினான். குரு ஊரியேல் அவனைவிடப் பத்து வயது இளையவர். அதனால் சீடனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"குருவே, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்."

"இருங்கள் அண்ணே. தண்ணீர்?"

"அப்படியானால் போகவா?"

"போங்கள். கொடி?"

"இரண்டுக்கும் தலையாட்டினால் நான் என்னதான் செய்வது?"

குரு நேரே மூட்டைகளிடம் போனார். சிமேயியின் மனைவி மூட்டையில் கட்டியிருந்த மரத்தொட்டியை உருவினார். எகிப்தைவிட்டு ஓடிவந்த அன்று, புளிக்க நேரமில்லாத மாவைச் சுமந்த தொட்டி. கொடியைச் சுற்றித் தோண்டி, மண்ணோடு பெயர்த்து அதில் வைத்துச் சீடனின் தோளில் ஏற்றினார்.

"வேர் அறுந்துவிட்டது குருவே."

"கொஞ்சம் அறுந்தது."

"இனி அப்பத்துக்கு மாவை உங்கள் தாடியிலா பிசைவேன்?" என்றாள் மனைவி.

மறுநாள் இலை மஞ்சளித்தது. சிமேயி குருவைத் திட்டிக்கொண்டே தன் பங்குத் தண்ணீரில் பாதியை ஊற்றினான். நின்ற இடத்திலெல்லாம் ஒரு பிடி மண் போட்டான். நாலாம் நிறுத்தத்தில் ஒரு துளிர். ஏழாம் நிறுத்தத்தில் கொடி அவன் தோளைச் சுற்றி, கழுதையின் காதைப் பிடித்து, பின்னால் வந்த நாலு குடும்பங்களுக்கு நிழல் கொடுத்தது. குறைத்துத்தான் சொல்கிறேன்.

அங்கே பழமும் பழுத்தது, பானை அளவில். சிமேயி அறுத்து, கண்ணை மூடிக் கடித்தான். முகம் மாறியது.

"இது அது இல்லை குருவே."

"கசக்கிறதா?"

"இல்லை, தேனாக இருக்கிறது. ஆனால் எகிப்தில் தின்ற ருசி இல்லை. எந்த மண்ணின் ருசியென்றும் தெரியவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் சுமந்தேன்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை."

குரு ஒரு துண்டைத் தின்றுவிட்டுத் தாடியைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து மறுபடி எக்காளம். யாரும் சொல்லாமலே சிமேயி மூட்டை கட்ட எழுந்தான். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

"கையில் என்ன அண்ணே?"

சிமேயி விரித்துப் பார்த்தான். விதைகள்.

"இது அது இல்லையென்றால், விதையை எதற்கு ஒன்றுவிடாமல் பொறுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்றார் குரு.

சிமேயி வாய் திறக்கவில்லை.

நீயும் திறக்காதே. யாராவது கேட்டால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல். என் பெயர் மட்டும் வேண்டாம். சிமேயி மனைவியின் வம்சம் இன்னும் அந்த மாவுத் தொட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது.