மூன்று கூடாரமும் ஓர் இடமும்

பதில் கடைசியில் இருக்கிறது. இப்போதே அங்கே கண்ணை ஓட்டுகிறவர்கள் ஓட்டிக்கொள்ளலாம்; நான் என்ன, உங்கள் கையையா பிடித்துக்கொள்ள முடியும்? பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கதை.

மலையடிவாரத்தில் ஒரு பட்டாளம். அதில் ஒரு கம்பெனிக்குச் சுபேதார் பொன்னுரங்கம். அவருக்குக் கீழே மூன்று நாயக்குகள்: குலசேகரன், அருளப்பன், மாசானம். ஒவ்வொருவரிடமும் ஒரு செக்‌ஷன், அதாவது கைக்கடக்கமாகச் சில சிப்பாய்கள். நாயக் ஒருவர் ஹவில்தாராக உயர வேண்டுமானால் தலைமைப் பயிற்சி வகுப்புக்குப் போய்த் தேறி வர வேண்டும். அது பல வாரப் பயிற்சி. அந்த வருஷம் கம்பெனிக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் இடம்.

ஓட்டம், துப்பாக்கி, கவாத்து எல்லாவற்றிலும் மூவரும் சமம். ஆனால் மாசானத்துக்கு மட்டும் வயது வரம்பு நெருங்கிவிட்டது. இந்த முறை விட்டால் நாயக்காகவே ஓய்வு பெற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். 'ஹவில்தாராகத்தான் வருவேன்' என்று மனைவியிடம் வேறு வாய் விட்டிருந்தார்.

மாசானத்தைப் பற்றிக் கம்பெனியில் ஒரு கேலி உண்டு. "தன் வேலையைச் சிப்பாய்கள் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்" என்பார்கள். பொய்யில்லை. அவர் செக்‌ஷனில் தினம் ஒரு சிப்பாய் பொறுப்பு. மற்றவர்கள் அன்றைக்கு அவன் சொல் கேட்க வேண்டும். அவன் தப்பும் தவறுமாகச் செய்வான். இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் கூடாரம் ஒருநாளும் நேராக நின்றதில்லை.

குலசேகரன் அப்படியல்ல. ஒவ்வொரு முளையையும் தானே அடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

புது முகாமுக்கு வந்து இறங்கிய அன்று, செக்‌ஷன்கள் கூடாரம் போடத் தொடங்கும் நேரமாகப் பார்த்து, சுபேதார் மூவரையும் தேநீருக்கு அழைத்தார். இருவர் உடனே வந்தார்கள். மாசானம் தாமதம்.

"டீ ஆறிப்போச்சு. எங்கேய்யா போனே?"

"பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன் சாப்."

"உக்காரு. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

டம்ளரில் பாதி குடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்பப்பா, என்ன மழை! குலசேகரன் துள்ளி எழுந்தார். "மன்னிச்சிடுங்க சாப், பசங்க நனையறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார். அருளப்பன் எழுந்து, "சாப், நானும்..." என்று இழுத்தார். "உக்காரு" என்றார் சுபேதார். உட்கார்ந்தார். ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டு தவித்தார், பாவம்.

மாசானம் டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா சாப்?"

சுபேதாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், உன் கூடாரம் என்ன ஆச்சோன்னு கவலை இல்லையா?"

"பசங்க இருக்காங்களே சாப்."

மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். குலசேகரனின் கூடாரம் கம்பீரமாக நின்றது. படுக்கைகள் காய்ந்தே இருந்தன. அவர் ஓடி வரும்வரை சிப்பாய்கள் கழிகளைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார்களாம். வந்து ஒரு சத்தம் போட்டதும் மளமளவென்று வேலை முடிந்துவிட்டது. அருளப்பனின் கூடாரத் துணி சேற்றில் கிடந்தது. ஆட்கள் மரத்தடியில் வெடவெடத்தபடி, "நாயக் எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாசானத்தின் கூடாரம் வழக்கம்போலக் கோணல். ஒரு கயிறு முளைக்குப் பதில் மர வேரில் கட்டியிருந்தது. ஆனால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். படுக்கைகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. உள்ளே எவனோ காலுறையைத் தொலைத்துவிட்டான் என்று ஒரே ரகளை. மாசானம் வந்து நின்றதைக்கூட எவனும் கவனிக்கவில்லை.

கம்பெனித் தலைவரான மேஜர் வந்து நடந்ததை விசாரித்துவிட்டுச் சுபேதாரிடம் சொன்னார்: "குலசேகரனை அனுப்புங்க சாப். உத்தரவை மீறினாலும் ஆட்களுக்காக ஓடினவன் அவன்தான். டீ குடிச்சவனுக்கா இடம்?"

"உத்தரவைக் காப்பாத்தினவன் நான் சார். பட்டாளத்துல அதுதானே முதல் பாடம்?" என்றார் அருளப்பன்.

மாசானம் தன் கோணல் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போகும் பெட்டி அவர் கண்ணுக்குள் நின்றிருக்கும்.

ஆட்களுக்காக உத்தரவை மீறியவர் ஒருவர். உத்தரவுக்காக ஆட்களை நனையவிட்டவர் ஒருவர். எதற்கும் அசையாமல் இன்னொரு டம்ளர் டீ கேட்டவர் ஒருவர். அந்த ஒரே இடத்தை யாருக்குக் கொடுப்பது சரி? யோசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

*

சுபேதார் மேஜரிடம் ஒன்றுதான் கேட்டார்: "பயிற்சிக்குப் போறவன் பல வாரம் இங்க இருக்க மாட்டான் சார். அப்ப மழை பெஞ்சா யார் ஓடி வருவா?" குலசேகரன் நல்லவர்தான், ஆனால் அவர் இல்லாவிட்டால் அவருடைய ஆட்களுக்குக் கை ஓடாது. அருளப்பனின் ஆட்களும் அப்படித்தான். மாசானம் தாமதமாக வந்த அன்று பேசிய இரண்டு வார்த்தை இதுதான்: "மேகம் கறுத்திருக்கு. இன்னைக்கு யார் முறையோ அவன் பாத்துக்கட்டும்." அந்தத் தைரியத்தில்தான் டீ கேட்டார். தான் இல்லாத இடத்திலும் வேலை நடக்கும்படி ஆட்களைப் பழக்கியவருக்கே இடம் என்று முடிவாயிற்று. வண்டி புறப்பட்டபோது மாசானம் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆட்கள் அன்றைய பொறுப்பாளியைச் சூழ்ந்துகொண்டு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் ஒரு பயலாவது கையைக் காட்டியிருக்கலாமே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனாராம்.